ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு குரல்

வல்லக்கோட்டை
9 ஜூலை 2023

மதிப்பிற்குரிய டெனிசன் அவர்களுக்கு,

இத்துடன் இருக்கும் அட்டை, போன ஞாயிற்றுக்கிழமை ஏழு மெகாஹெர்ட்ஸில் நாம் பேசிக்கொண்டதற்கு அத்தாட்சி. அமெச்சூர் வானொலிக்காரர்கள் முதல் தொடர்புக்கு இப்படி அட்டை அனுப்பிக்கொள்வார்கள் என்று உரிமத் தேர்வுக்குப் படித்தபோது தெரிந்துகொண்டேன். நான் அனுப்பும் முதல் அட்டை இதுதான்; முகவரி, உங்கள் அழைப்புக்குறியை வைத்து வானொலிக்காரர் பட்டியலில் எடுத்தது. அதில் எழுத இடம் போதவில்லை; அதனால் இந்தத் தாள்.

நான் ஜெர்சி. ஒரகடத்தில் ரேடியோவுக்கான மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். அப்பா பெரியநாயகம் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அம்மா சவரியம்மாளுக்கு என் பொழுதுபோக்கில் ஒரே ஒரு குறைதான்: மொட்டைமாடியில் நான் கட்டியிருக்கும் ஆண்டெனாக் கம்பியில் துணி காயப்போட முடியவில்லை.

என் ரேடியோவில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. ஆண்டெனாவில் வரும் அலையை ஒரு சின்னப் பலகை எண்களாக மாற்றி மடிக்கணினிக்குக் கொடுக்கும். மற்றதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அலைவரிசை முழுவதும் திரையில் அருவிபோல மேலிருந்து கீழே வழியும். அதில் நீங்கள் விட்டுவிட்டு வரும் ஒரு மெல்லிய கோடு. மோர்ஸை எழுத்தாக்கித் தரவும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கை தட்டும் விதம் அதற்குப் பிடிபடவில்லை. ஆங்கில எழுத்துகளில் நீங்கள் ‘சாப்டாச்சா’ என்று தட்டியது எனக்கு ஏதோ மருந்தின் பெயர்போல வந்தது. கடைசியில் அதை மூடிவிட்டுக் காதால்தான் கேட்டேன். தேர்வுக்குப் படித்த மோர்ஸ் இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

சாப்பிட்டாகிவிட்டது. அன்று பதில் தட்டுவதற்குள் உங்கள் கோடு மறைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஜெர்சி


கொளச்சல்
21 ஜூலை 2023

அன்புள்ள ஜெர்சி அவர்களுக்கு,

அட்டை வந்தது. என் அட்டையையும் வைத்திருக்கிறேன். கட்டுமரப் படம் என் தங்கை ஷாரோன் வரைந்தது. பாய் தலைகீழாக இருக்கிறது என்று சொன்னால் அழுதுவிடுவாள் என்பதால் அப்படியே அச்சடித்துவிட்டேன்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு கடை. விசைப்படகுகளின் வயர்லெஸ், ஆழம் காட்டும் கருவி, ஜிபிஎஸ் எல்லாம் பழுது பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்கு வரும். அப்போது எனக்குத் தூங்க நேரமிருக்காது. கடையின் முன்பக்கம், போன், வாடிக்கையாளர் சண்டை எல்லாம் ஷாரோனுடைய பொறுப்பு. பின்பக்கம் மேசையும் சால்டரிங் அயர்னும் எனக்கு.

உங்கள் அருவித் திரையைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது. படகுகளில் இப்போது வருவதெல்லாம் டிஜிட்டல்தான். அதைப் பிரித்து மாட்டித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வீட்டில் நானே கட்டிய பழைய முறை செட்தான். அதன் குமிழைத் திருகும்போது ஒவ்வொரு ஊராகக் கடந்துபோகிற மாதிரி இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் ஒரு எல்லை வரை கண்ணாடிபோல் இருக்கும், அதற்குக் கீழே பட்டென்று ஒன்றுமே இருக்காது. என் செட்டைப் போன்ற பழைய அனலாக் முறையில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், குரல் தேய்ந்துகொண்டே போகும், ஆனாலும் கூர்ந்து கேட்பவனுக்குக் கொஞ்சம் மிஞ்சும். கடலுக்குள் இருந்து கூப்பிடுகிறவனுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

அதிகம் எழுதிவிட்டேன். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அதே இடத்தில் இருப்பேன்.

அன்புடன்,
டெனிசன்


வல்லக்கோட்டை
3 செப்டம்பர் 2023

அன்புள்ள டெனிசன்,

‘அவர்கள்’ இல்லாமல் எழுதுகிறேன். எட்டு ஞாயிறு தட்டிக்கொண்ட பிறகு ‘அவர்களுக்கு’ என்று எழுதினால் மின்வாரியத்துக்கு மனு போடுகிற மாதிரி இருக்கிறது.

உங்களிடம் ஒரு கேள்வி. கடிதத்தில் ஓயாமல் பேசுகிறீர்கள். மோர்ஸில் சிரிக்கக்கூட வைக்கிறீர்கள். ஆனால் குரலில் பேசலாம் என்று மூன்று தடவை தட்டிவிட்டேன். முதல் தடவை மைக் பழுது என்றீர்கள். ஊர்ப் படகுகளின் மைக்கை எல்லாம் சரிசெய்கிறவர் உங்களுடையதை இன்னும் சரிசெய்யவில்லையா? அடுத்த இரண்டு தடவையும் பதிலே இல்லை. போன் எண் கேட்டேன். கடை போன் தங்கையிடம் இருக்கிறது என்றீர்கள்.

நான் எதையும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் என்னை உட்காரவைத்து, பேசவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பேச ஆசைப்படுகிற ஒரே ஆள் பேச மாட்டேன் என்கிறார். அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டேன், இனி அடித்தால் தாள் கிழிந்துவிடும்.

ஜெர்சி


கொளச்சல்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜெர்சி,

அந்தக் கடைசிப் பத்தியைப் பலமுறை படித்தேன். நீங்கள் அதை அடிக்காததற்கு நன்றி.

அக்டோபர் பதினைந்தாம் தேதி, ஞாயிறு, உதிரிபாகம் வாங்க சென்னைக்கு வருகிறேன். அங்கிருந்து சுங்குவார்சத்திரம் வர முடியும். பஸ் நிறுத்தத்தில் காலை பதினோரு மணிக்கு நில்லுங்கள். மற்றதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

மைக் பழுதில்லை. அது பொய். அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

டெனிசன்


வல்லக்கோட்டை
16 அக்டோபர் 2023

திரு டெனிசன்,

நேற்று பகல் இரண்டு மணி வரை நின்றேன். என்னோடு லைனில் வேலை செய்யும் பாண்டிச்செல்வி துணைக்கு வந்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். டீக்கடைக்காரர் மூன்று தடவை எங்களிடம் எந்த பஸ் என்று கேட்டார். மூன்றாவது தடவை பாண்டிச்செல்விதான் சொன்னாள்: “வராத பஸ்சுண்ணே.”

திரும்பும்போது அவள் கேட்டாள், “அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்டி. இல்லன்னா ஏன் குரலையும் மூஞ்சியையும் மறைக்கணும்?”

அவள் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்; பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அப்படியே என்றாலும் எழுதுங்கள். இனி ஞாயிறுகளில் ரேடியோவைத் திறக்கப் போவதில்லை.

ஜெர்சி


வல்லக்கோட்டை
10 டிசம்பர் 2023

டெனிசன்,

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஆனாலும் போன திங்கட்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்தது பாதிதான்.

புயல் மழையில் ஞாயிறு இரவே கரண்ட் போய்விட்டது. காலையில் போனில் டவர் இல்லை. கம்பெனிகளுக்கு விடுமுறை. பின்னாலிருக்கும் சின்ன ஏரியின் கரை எங்கோ விட்டுவிட்டது; விடுதியின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, பெண்கள் எல்லோரும் மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் விடுதிக்கும் நடுவில் தண்ணீர் ஆறாகப் போனது. அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, இடுப்பளவுக்கு மேல் போக முடியாமல் திரும்பினார். பாண்டிச்செல்விக்கு வீசிங். அவளுடைய இன்ஹேலர் கீழே அறையோடு மூழ்கிவிட்டது என்று அந்தப் பெண்கள் கூவினார்கள்.

அப்பா பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஆண்டெனாவில் ஒரு முனை அறுந்து தொங்கியது. சென்னையில் அமெச்சூர்கள் நடத்திக்கொண்டிருந்த அவசரத் தொடர்பு எனக்கு நன்றாகவே கேட்டது. குரலில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அறுந்த கம்பியில் என் குரல் அவர்களுக்கு எட்டவில்லை; குரல் தேய்கிற இடத்திலும் மோர்ஸ் போகும். வேறு வழி தெரியாமல் நம் பழைய இடத்துக்குப் போய் உங்கள் அழைப்புக்குறியை மோர்ஸில் தட்டினேன். அன்று திங்கட்கிழமை. நீங்கள் கடையில் இருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

உடனே பதில் வந்தது. அந்த நிமிடம் நான் அழுதேன், அம்மா பார்த்தாள்.

விவரத்தைத் தட்டினேன். ‘கிடைத்தது, இருங்கள்’ என்று தட்டிவிட்டுப் போனீர்கள். அவள் உதடு நீலமாகிறது என்று பெண்கள் கூவியதும் அதையும் தட்டினேன். என் திரையில் இரண்டு இடமும் ஒரே நேரத்தில் தெரியும். இந்தப் பக்கம் உங்கள் கோடு நின்றது. அந்தப் பக்கம், சென்னைக்காரர்களின் அடர்ந்த பட்டைகளுக்கு நடுவில், புதிதாக ஒன்று தொடங்கி, அறுந்து, மறுபடி தொடங்கியது. சிக்னல் மங்கி மங்கி வருகிறது என்று நினைத்தேன். அதைச் சொடுக்கினேன்.

ஒரு ஆண் குரல். ‘வ... வ...’ என்று நின்றது. நின்ற இடத்தில் யாரும் இல்லை என்று நினைத்து வேறொருவர் பேச ஆரம்பித்தார். மறுபடி அந்தக் குரல். மறுபடி நின்றது. “யாரோ பட்டனை அழுத்தி விளையாடுறாங்க, விடுங்க” என்றார் ஒருவர். அப்புறம் அதே இடத்தில் மோர்ஸ் கேட்டது. பொறுங்கள் என்பதற்கான குறி. ஒரு தடவை, இரண்டு தடவை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

தொடர்பை நடத்திக்கொண்டிருந்தவர் ஐயனார். அவருக்கு மோர்ஸ் தெரியும். “எல்லாரும் நிறுத்துங்க. ஒருத்தர் பேசுறாரு. அவரு முடிக்கிற வரைக்கும் யாரும் வாய திறக்காதீங்க” என்றார்.

பிறகு நீங்கள் பேசினீர்கள். வல்லக்கோட்டை என்ற சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அலைவரிசையில் ஒரு சத்தம் இல்லை. மழைச் சத்தம்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தீர்கள். ஊர், விடுதி, மாடி, பெண்கள், மூச்சு, மருந்து.

தீயணைப்புத் துறைப் படகு மதியத்துக்கு முன் வந்தது. படகில் ஒரு நர்ஸ் இருந்தார். பாண்டிச்செல்வி நன்றாக இருக்கிறாள். அவள் உங்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாளாம்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. நீங்கள் எழுதினால் போதும்.

ஜெர்சி


கொளச்சல்
19 டிசம்பர் 2023

அன்புள்ள ஜெர்சி,

இங்கேயும் இரண்டு நாளாகப் பேய்மழை. கடைக்குள் தண்ணீர் வரவில்லை. நாங்கள் நலம்.

எனக்குத் திக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்தே. ‘வ’வும் ‘ட’வும் மோசம். என் பெயரே ‘ட’வில் தொடங்குகிறது, பள்ளியில் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ மட்டும் போதும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கையில் திக்கு இல்லை என்று மோர்ஸ் படித்தபோது கண்டுபிடித்தேன். பேனாவிலும் இல்லை. அதனால்தான் உங்களிடம் இத்தனை பேசினேன்.

அக்டோபரில் நான் வந்தேன். டீக்கடைக்கு எதிர்ப்புறம், செருப்புத் தைக்கிறவரின் குடைக்குப் பக்கத்தில் நின்றேன். நீல உடையில் இருந்தது நீங்கள்தான் என்று, உங்கள் தோழி பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் சிரித்தபோது தெரிந்தது. சாலையைக் கடந்து வந்து ‘நான்தான் டெனிசன்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு நீங்கள் போகும்வரை நின்றேன். ஊருக்குத் திரும்பி உங்கள் கடிதத்தைப் படித்தபோது, கல்யாணமானவன் என்றே நீங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது இதைவிடக் கௌரவமாகத் தோன்றியது.

புயல் என்றதும் ஞாயிற்றிலிருந்தே செட்டை அணைக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது ஷாரோன் நாகர்கோவிலுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அவளையே பேசவைத்திருப்பேன். முதலில் உங்கள் மாவட்ட அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடி மறுபடி பிஸி. அது எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிறகு உங்கள் மோர்ஸ் மறுபடி வந்தது: ‘உதடு நீலமாகிறதாம்.’ அதன்பின் மைக்கை எடுத்தேன்.

ஐயனார் என்பவரை எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதியை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஜெர்சி, இப்போது உங்களுக்கு என்மேல் நன்றியும் இரக்கமும் இருக்கும். இரண்டும் நல்லவைதான். ஆனால் நீங்கள் செப்டம்பரில் எழுதிய அந்தப் பத்தி அந்த இரண்டாலும் எழுதப்பட்டதில்லை. இவற்றை அதோடு கலந்துவிட என்னால் முடியாது. அதனால் இங்கேயே நிறுத்திக்கொள்வோம்.

டெனிசன்


வல்லக்கோட்டை
1 ஜனவரி 2024

டெனிசன்,

எதை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் தனியாக முடிவுசெய்ய முடியாது. உங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து.

ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன். அன்று என் மடிக்கணினி அலைவரிசை முழுவதையும் பதிவுசெய்துகொண்டிருந்தது. அமெச்சூர் சங்கத்துக்காரர்கள் பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். புயலன்று உதவியவர்களின் குரலைப் போட்டுக் காட்டப் பதிவு வேண்டும் என்று கேட்டார்கள். ‘அவர் பேசுவதைக் கொஞ்சம் சுத்தம் செய்து கொடுங்கள், பாவம், சபையில் சங்கடப்படுவார்’ என்றார் ஒருவர்.

எனக்கு அது சுலபமான வேலை. குரல் என்னிடம் எண்களாகத்தான் இருக்கிறது. நின்ற இடங்களை வெட்டினேன், மீண்டும் மீண்டும் வந்த எழுத்துகளை வெட்டினேன், முனைகளை ஒட்டினேன். சில நிமிடப் பேச்சு அரை நிமிடம் ஆகிவிட்டது. போட்டுக் கேட்டேன். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற மாதிரி யாரோ ஒருவர் சொன்னார்: வல்லக்கோட்டை, பெண்கள் விடுதி, மூச்சுத் திணறல். தெளிவாக இருந்தது. ஆனால் அதில் நீங்கள் இல்லை. எனக்கு அந்த ஆளைத் தெரியாது. அழித்துவிட்டேன்.

பிறகு முழுப் பதிவையும் மறுபடி கேட்டேன். கேட்கும்போது எனக்கு இரக்கம் வரவில்லை. ‘வ’ வருவதற்குக் காத்திருந்தேன். அது வரும் என்று தெரியும். செப்டம்பரில் எழுதிய பத்தி அப்படியேதான் இருக்கிறது.

ஜெர்சி


கொளச்சல்
12 ஜனவரி 2024

அன்புள்ள ஜெர்சி,

நீங்கள் அதை அழித்திருக்கக் கூடாது.

கோபமில்லை. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள். திக்காமல் பேசினால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து கற்பனை செய்திருக்கிறேன். அது ஒரு மடிக்கணினியில் அரை நிமிடம் இருந்திருக்கிறது. உங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, சரி. நான் ஒரு தடவை பார்த்திருப்பேன்.

கடிதத்தை இங்கே மடித்துவைத்துவிட்டு ஒரு வாரம் வேலை பார்த்தேன். இப்போது மிச்சத்தை எழுதுகிறேன். மறுபடி வெட்டி ஒட்டித் தர வேண்டாம். நீங்கள் தரச் சம்மதிப்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். கூட்டத்தில் முழுப் பதிவையும் போடச் சொல்லுங்கள். நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். ஐயனாரைப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும்.

அன்று மாலை உங்கள் வீட்டுக்கு வரலாமா? ஷாரோனையும் அழைத்து வருகிறேன். உங்கள் அப்பாவிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
டெனிசன்


வல்லக்கோட்டை
13 பிப்ரவரி 2024

என் டெனிசனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஷாரோன் செய்தி அனுப்பினாள். கூட்டம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு நீங்கள் கிளம்பிய பிறகு இங்கே நடந்ததை எழுதுகிறேன். அப்பா ஒன்றும் பிடிகொடுக்காமல் ‘யோசிச்சிட்டு சொல்றேன்’ என்று அனுப்பிவிட்டார் என்று வழியெல்லாம் கவலைப்பட்டிருப்பீர்கள்.

ஷாரோனுக்குத்தான் முதலில் கோபம். அண்ணனுக்காக எல்லா இடத்திலும் பேசிப் பழகியவள். “நீ பேசாண்டாம், நான் சொல்லுகேன்” என்று அவள் ஆரம்பித்தபோது அப்பா அவளை அம்மாவோடு உள்ளே காபி போட அனுப்பிவிட்டார் அல்லவா? அடுப்படியில் நின்றுகொண்டு, ‘உங்க அப்பா என் அண்ணனை வேணும்னே தனியா மாட்டிவிட்டுட்டார்’ என்று கண்ணைத் துடைத்தாள். நீங்கள் முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான் அவள் டம்ளரையே எடுத்தாள். காபி ஆறிப்போனதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் போனதும் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். நாளைக்குக் கோயிலில் எல்லோர் முன்னாலும் மண வார்த்தைப்பாடு சொல்லும்போது நின்றுவிட்டால் பையனுக்குக் கஷ்டமாக இருக்காதா என்றாள். அவள் உங்களுக்காகத்தான் பயந்தாள்.

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “தெனம் ஒரகடம் சிக்னலாண்ட பஸ்ஸ வச்சிகினு நிக்கிறேன். பின்னால அறுபது பேரு ஒக்காந்துகினு கீறாங்க. நிக்குதேன்னு எவனாவது எறங்கி நடந்து பூட்றானா? வண்டி வூடு போய்ச் சேரும்னு தெரியுமில்ல.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. முகம் கழுவப் போனவர் திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: “இன்னாம்மா, ஒனக்குப் பொறும கீதா?” இருக்கிறது என்றேன். “அப்ப ஈஸ்டர் முடியட்டும்” என்றார். நாளை தவக்காலம் தொடங்குகிறது. அது முடிந்ததும் அவரும் அம்மாவும் சம்பந்தம் பேசக் கொளச்சலுக்கு வருகிறார்கள். இதைச் செய்தியாக அனுப்பாமல் தாளில் எழுதுவது, நீங்கள் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள் என்பதற்காக.

கீழே என் எண்ணை எழுதியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். கூப்பிடுங்கள். நான் எடுத்து ‘ஹலோ’ சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஜெர்சி